யுவி சாயமும் ஊதா டார்ச்சும்: பழைய எம்எக்ஸ்-5இல் ஆயில் ஒழுகல் தேடிய கிட் எப்படி?

ஆயில் ஒழுகலைக் கண்டுபிடிக்க விற்கும் யுவி சாயக் கிட்டை (ஆயிலில் சாயத்தைக் கலந்து, ஒழுகும் இடத்தைப் புறஊதா டார்ச்சில் ஒளிர வைப்பது) வாங்கலாமா என்று கேட்டால், சாயத்துக்காக வாங்கலாம், டார்ச்சுக்காக வேண்டாம் என்பேன். கூலன்ட் ஒழுகலுக்கு இதைவிட நல்ல கருவி இருக்கிறது. பிரேக், கிளட்ச் திரவத்துக்கு இந்தச் சாயம் கிட்டவே போகக் கூடாது. ஆனால் என்ஜினின் பின்பக்கத்திலிருந்து சொட்டுகிறது என்பதற்காக கியர்பாக்ஸை இறக்கலாமா என்று யோசிப்பவர், இறக்குவதற்கு முன் கட்டாயம் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். என் வண்டியில் கியர்பாக்ஸ் இன்னும் இறங்கவில்லை. ஒழுகலும் நின்றுவிட்டது.

வண்டி 1991 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை வந்த முதல் தலைமுறை. ஹெட்லைட் பானெட்டுக்குள்ளிருந்து எழுந்து நிற்குமே, அதுதான். இந்தத் தலைமுறையின் கடைசி வண்டிக்கே கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. அந்த வயதில் உலோகம் நன்றாகவே இருக்கும், ரப்பர்தான் கையை விரிக்கும். சீல், ஓ-ரிங், கேஸ்கெட், ஹோஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் கெட்டியாகத் தொடங்கும். அதனால் ஒழுகலுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு இந்த மாதிரி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

என் வண்டியில் சொட்டு விழுந்த இடம் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கம். தொல்லை பிடித்த இடம். கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முனையில் உள்ள ரியர் மெயின் சீல் போனாலும் ஆயில் அங்கேதான் வரும். கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் சீல் போனாலும் அங்கேதான். மேலே சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் எது கசிந்தாலும், பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி அங்கேயே வந்து சேரும். கீழே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே சொட்டு.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றி, டார்ச் அடித்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ரியர் மெயின் சீல்தான் சார், கியர்பாக்ஸ இறக்கிடலாம்" என்றார்கள். சும்மா இறங்குகிற சாமானா அது? எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற நீளமான அலுமினியச் சட்டம் இணைத்து வைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட், புரப்பெல்லர் ஷாஃப்ட், அந்தச் சட்டம், பிறகு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் என்று எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் அந்த வட்ட சீல் கண்ணில் படும். மேலே ஒரு சின்ன ஓ-ரிங் கசிந்துகொண்டிருந்தால், இத்தனையும் செய்து மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே சொட்டு விழும். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

கிட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். கிட்டோடு வரும் தாளில் இது ஒரு வரிகூட இல்லை என்பது என் முதல் குறை. கீழே விழுவது என்ன திரவம் என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு பெரிய வெள்ளை அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, முன் டயர்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அட்டையை வெளியே இழுத்தால் எந்தச் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்தது என்று அளந்து பார்க்கலாம். வெறும் தரையில் விழுந்தால் நிறமும் தெரியாது, இடமும் தெரியாது.

அப்புறம் விரலில் தொட்டுப் பார்ப்பது. என்ஜின் ஆயில் பழுப்பு அல்லது கறுப்பு, வழவழப்பு, லேசான கருகல் வாசனை. கியர் ஆயிலின் கந்தக நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். பவர் ஸ்டியரிங்கில் ஓடுவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், புதிதாக இருக்கும்போது சிவப்பு. கூலன்டுக்கு ஒரு திகட்டலான இனிப்பு வாசனை உண்டு. விஷம், வாயில் வைக்காதீர்கள், செல்லப்பிராணிகளையும் கிட்டே விடாதீர்கள். பிரேக் திரவம் கொஞ்சம் ஏமாற்றும். தொட்டால் ஆயில் போலவே வழுக்கும், ஆனால் தண்ணீரில் கரையும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு துளி விடுங்கள்: ஆயில் மேலே மிதக்கும், பிரேக் திரவம் காணாமல் போய்விடும். ஏசி ஓடிய பிறகு விழும் சுத்தமான தண்ணீருக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், அது விழத்தான் வேண்டும்.

என் அட்டையில் விழுந்தது கறுப்பு, கந்தக நாற்றம் இல்லை, தண்ணீரில் மிதந்தது. என்ஜின் ஆயில் என்பது உறுதி. கியர்பாக்ஸ் சீல் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே போய்விட்டது.

இனி கிட். ஆயில் சாயம் சின்ன பாட்டில்களில், கூலன்ட் சாயம் தனியாக ஒரு பாட்டில், ஊதா டார்ச், மஞ்சள் கண்ணாடி. சாயம் இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருப்பது சரியான விஷயம். ஆயிலில் கலப்பது எண்ணெய்ச் சாயம், கூலன்டில் கலப்பது தண்ணீரில் கரையும் சாயம். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. "எல்லாத் திரவத்துக்கும் ஒரே பாட்டில்" என்று போட்டு விற்பதைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

பாட்டிலின் வாய்தான் மோசம். மூக்கு கிடையாது, அகலமான வாய், ஃபாயிலைக் கிழித்துவிட்டு அப்படியே கவிழ்க்க வேண்டும். கடைசிச் சொட்டு பாட்டிலின் வெளிப்பக்கமாக வழியும். வெளிச்சத்தில் இது ஒரு பொருட்டாகவே தெரியாது. இரவில் டார்ச் அடித்தால் ஆயில் மூடி, வால்வ் கவர், கையுறை, பானெட்டைத் திறக்கும் லீவர் என்று தொட்ட இடமெல்லாம் கைரேகையோடு பச்சையாக மின்னும். திருடனைப் பிடிக்கத்தான் பயன்படும். நீளக் கழுத்துப் புனல் ஒன்றை நாமே வைத்துக்கொண்டு, ஊற்றியவுடன் வாயைத் துடைத்து, கையுறையை அங்கேயே கழற்றிப் போட்டுவிடுவது நல்லது. ஒரு மூக்கு வைத்த மூடி கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சாயம் ஊற்றுவதற்கு முன் கழுவ வேண்டும். இந்த விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது. முப்பது வருட அழுக்கு எண்ணெயில் ஊறிப் பிளாக்கின் முதுகில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புது ஆயில் வழிந்தால் எது புதிது, எது பழையது என்று எந்த ஒளியாலும் பிரிக்க முடியாது. டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காற்றடித்து உலர்த்தினேன். சென்சார் கனெக்டர், ஆல்டர்னேட்டர் மீது பிளாஸ்டிக் உறை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் கழற்றிவிட வேண்டும். முன்பக்கம் எங்கோ ஒழுகும் ஆயிலை அது தாங்கிக்கொண்டு, தனக்கு வசதியான ஒரு ஓட்டை வழியாக வேறெங்கோ சொட்டவிடும்.

ஆயிலும் புதிதாக இருந்தால் நல்லது. கறுத்துப்போன பழைய ஆயில் சாயத்தின் ஒளியை விழுங்கிவிடும். நான் ஆயிலும் ஃபில்ட்டரும் மாற்றிவிட்டுத்தான் சாயம் ஊற்றினேன். பிறகு என்ஜினை நின்ற இடத்திலேயே சூடாகும்வரை ஓடவிட்டு, அருகிலேயே ஒரு சின்னச் சுற்று. நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. வேகமாகப் போகும்போது அடியில் புகும் காற்று ஒரே ஒரு சொட்டை எடுத்து டிஃபரன்ஷியல்வரை பூசிவிடும், அப்புறம் வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சை.

இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு முதலில் கிட்டில் வந்த டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். எங்கும் ஊதா. பிளாக், ஹோஸ், என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தீச்சுவர், என் சட்டை, எல்லாம் ஊதா. காரணம் எளிது: இந்த மலிவு டார்ச்சுகள் 395 நானோமீட்டர் எல்ஈடி வகை. அதன் ஒளியில் கணிசமான பங்கு நம் கண்ணுக்கே தெரியும் ஊதாவாக வெளியே வருகிறது. சாயத்தின் மஞ்சள்-பச்சை ஒளி அதற்குள் அமுங்கிவிடுகிறது. மஞ்சள் கண்ணாடியைப் போட்டால் அந்த ஊதாவை அது வடிகட்டும், பச்சை மேலே எழும். ஆகவே கண்ணாடி விளையாட்டுச் சாமான் இல்லை. கிட்டில் சாயத்துக்கு அடுத்து உருப்படியான பொருள் அதுதான். கண்ணுக்கும் பாதுகாப்பு, எனவே கழற்றாதீர்கள். பிறகு நண்பரிடமிருந்து 365 நானோமீட்டர் டார்ச் ஒன்றை வாங்கி வந்து அடித்தேன். கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்தியது. ஊதா வெளிச்சம் ஏறக்குறைய இல்லவே இல்லை, இருட்டுக்குள் பச்சை மட்டும் தனியாக நின்றது. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே இடத்தில் பிடித்துப் பார்த்தால் கிட்டின் டார்ச்சைத் தூக்கிப் போடத் தோன்றும்.

பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒழுகல் என்று எண்ணிவிடவும் கூடாது. துடைத்த பழைய துணியின் நூல் வெள்ளை-நீலமாக ஒளிரும், அது சலவைத்தூளின் வேலை. பல கூலன்ட்களில் ஏற்கெனவே ஒளிரும் சாயம் உண்டு; ரேடியேட்டர் பக்கம் பழைய கூலன்ட் கறை பச்சையாகவே நிற்கும். ஏசி கம்ப்ரசரைச் சுற்றி மஞ்சள்-பச்சை தெரிந்தால் எப்போதோ ஒரு ஏசி மெக்கானிக் சாயம் விட்டிருக்கலாம். அதனால்தான் சாயம் ஊற்றுவதற்கு முன்பே ஒருமுறை டார்ச் அடித்து, ஏற்கெனவே எது மின்னுகிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதுவும் தாளில் இல்லை.

சரி, என்ன தெரிந்தது? கீழே படுத்துப் பார்த்தபோது பெல் ஹவுசிங்கின் அடியில் பச்சைச் சொட்டு, அது எதிர்பார்த்ததுதான். அங்கிருந்து மேலே போக வேண்டும். ஒழுகலைத் தேடும்போது நாம் தேடுவது ஈரமான இடத்தை இல்லை, ஈரத்தில் மிக உயரமான இடத்தை. பெல் ஹவுசிங்கின் மேற்பரப்பில் ஒரு பட்டை. அதற்கு மேல் பிளாக்கின் முதுகில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு, ஹீட்டர் ஹோஸைத் தொட்டு வளைந்து வந்திருந்தது. பானெட் பக்கம் போய், ஹெட்டுக்கும் தீச்சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் ஒரு சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தேன். கோடு ஹெட்டின் பின்முகத்தில், கேம் ஷாஃப்ட் எந்த நிலையில் சுற்றுகிறது என்று அறியும் கேம் ஆங்கிள் சென்சாரின் கழுத்தில் போய் முடிந்தது. சென்சார் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்ப்பாதியில் மெல்லிய பிறை வடிவில் ஒரு பச்சை வளையம். அதற்கு மேல் காய்ந்த அலுமினியம்.

இந்த 'மேல் காய்ந்திருக்கிறது' என்பதுதான் முக்கியம். அந்தச் சென்சாருக்கு நேர் மேலேதான் வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலை இருக்கிறது. அதுவும் இந்த என்ஜினில் ஒழுகுவதற்குப் பேர்போன இடம். அங்கே கசிந்திருந்தால் சென்சாரின் மேல்பக்கமும் நனைந்திருக்கும். சாதாரண டார்ச்சில் இரண்டும் ஒரே அழுக்கு ஈரமாகத்தான் தெரியும். பிறை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதைக் காட்டியது சாயம்தான். அந்த ஒரு காட்சிக்காகவே கிட்டுக்குக் கொடுத்தது வீண் இல்லை என்பேன்.

இந்த மாடலை வைத்திருப்பவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் போவதும், அதை ரியர் மெயின் சீல் என்று பலர் எண்ணிக்கொள்வதும் இந்த வண்டியில் நெடுநாள் கதை. ஆனால் "இந்த வண்டியில் வழக்கமாக இதுதான் போகும்" என்பதை நம்பியே பாகம் மாற்றுவதும், "ரியர் மெயின்தான்" என்று ஒரு நிமிடத்தில் சொல்வதும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் யாரும் பார்க்கவில்லை.

ஓ-ரிங் மாற்றும் வேலை சின்னது, இடம்தான் கொடுமை. சென்சார் ஹெட்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன் பெயின்ட் பேனாவால் இரண்டின் மேலும் ஒரே கோடாகக் குறிக்க வேண்டும். இந்த என்ஜினில் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், அந்தச் சென்சாரைத் திருப்பித்தான் வைக்கப்படுகிறது. 12 மி.மீ. தலை போல்ட் ஒன்று, கை நுழையாத இடத்தில். வெளியே வந்த பழைய ஓ-ரிங்கை வளைத்தால் வளையவில்லை, ஒடிந்தது. வட்டக் குறுக்குவெட்டு இருக்க வேண்டியது தட்டையாகியிருந்தது. புதியதற்குக் கொஞ்சம் ஆயில் தடவி, பொருத்தி, குறித்த கோட்டில் நிறுத்தி, போல்ட்டை இறுக்கினேன். பிறகு பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஈஎன், ஜிஎன்டி என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து டைமிங் லைட் போட்டுச் சரிபார்த்தேன். கம்பெனி அளவு, பிஸ்டன் உச்சியைத் தொடும் மேல்மையத்துக்கு 10 டிகிரி முன்னால்.

கிட்டின் கூலன்ட் சாயத்தையும் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் யார் காத்திருப்பார்கள்? கூலன்ட் ஒழுகலுக்குக் கைப்பம்புடன் வரும் பிரஷர் டெஸ்டர்தான் சரி. என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடிக்குப் பதில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை பம்ப் செய்துவிட்டு முள்ளைப் பார்த்தால் போதும். முள் இறங்கினால் எங்கோ போகிறது. சுடாத என்ஜினைச் சாவகாசமாகத் தடவித் தேடலாம். பழைய எம்எக்ஸ்-5இல் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி. கறுப்பாக இருந்தது பழுப்பேறிவிட்டால் ஒழுகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அது விட்டுவிட்டு ஒழுகுகிற ரகம் இல்லை, ஒருநாள் வெடித்துவிடும்.

கிளட்ச் பக்கம் வந்தால் கிட்டுக்கு வேலையே இல்லை. கிளட்ச்சை இயக்குவதும் பிரேக் திரவம்தான், அதில் சாயம் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். தேவையும் இல்லை: முதல் தலைமுறையில், பெடலை மிதித்தால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வலப்பக்கம் வெளியிலேயே இருக்கிறது. அதன் ரப்பர் உறையை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதன் கதை முடிந்தது. பிரேக் திரவம் பெயின்டைத் தின்னும் என்பதால் உடனே துடைத்துக் கழுவுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சாயம் பார்க்க உதவும், அளக்க உதவாது. ஓ-ரிங் மாற்றிய பிறகு மறுபடியும் கழுவிவிட்டு டார்ச் அடித்தபோது ஹெட்டின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. ஆனால் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் ஓரத்தில் ஓர் இடத்தில் மெல்லிய பச்சைப் படலம். சொட்டாகத் திரளவில்லை, அட்டையில் விழவும் இல்லை. யுவி வெளிச்சத்தில் பார்த்தால் அது பெரிய ஆபத்து போலத் தெரியும். பகலில் துணியால் துடைத்தால் துணியில் கறைகூட ஒட்டாது. இந்த வயது என்ஜினில் இப்படி வியர்க்கும் இடங்கள் இருக்கத்தான் செய்யும். சொட்டாதவரை அதைத் தொடப் போவதில்லை. சாயம் காட்டியதையெல்லாம் சரிசெய்யக் கிளம்பினால் என்ஜினையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

வாங்குபவர்கள் ஆயில் சாயத்தைத் தனி பாட்டிலாகவும், 365 நானோமீட்டர் என்று தெளிவாகப் போட்ட டார்ச்சைத் தனியாகவும் வாங்குங்கள், மஞ்சள் கண்ணாடி அதோடு வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை லிட்டர் ஆயிலுக்கு எவ்வளவு சாயம் என்பது லேபிளில் இருக்கும். இந்த என்ஜின் ஃபில்ட்டரோடு சேர்த்துக் குடிப்பது ஏறக்குறைய மூன்றரை லிட்டர்தான், ஆகவே பெரிய என்ஜினுக்கான பாட்டிலை முழுக்கக் கவிழ்க்க வேண்டியதில்லை. சாயம் உள்ளேயே இருக்கட்டும், அடுத்த ஆயில் மாற்றத்தில் பெரும்பகுதி போய்விடும்.